இல்லாத நோய்க்கு ஐந்து பரிசோதனை

இன்று நான் பேசப்போவது எச்.ஐ.வி. கிருமியைப் பற்றியல்ல, அது இல்லாமலேயே அதற்காகச் செத்துப் பிழைப்பவர்களைப் பற்றி.

ஒரு லாரி ஓட்டுநர். முப்பது வயது, மனைவியும் இரண்டு வயதுப் பையனும் உண்டு. ஈப்போ பக்கம் போன இடத்தில் ஒருநாள் தவறிவிட்டார். ஆணுறை அணிந்திருந்தார், அது கிழியவும் இல்லை. ஆனாலும் மறுவாரம் தொண்டை வலித்ததும் ஆள் ஆடிப்போய்விட்டார். 14ஆம் நாளே பரிசோதனை. ஆறு மாதத்திற்குள் இன்னும் நான்கு. ஐந்திலும் ‘தொற்று இல்லை’. ஆனால் அவர் கூடத்தில் தனியே படுக்கிறார், பையனைத் தூக்குவதில்லை. மனைவி வேறு ஏதோ நினைத்து அழுகிறார்.

பிள்ளையைத் தூக்குவதால், ஒரே தட்டில் சாப்பிடுவதால், கொசு கடிப்பதால் இக்கிருமி பரவாது. உண்மையிலேயே தொற்று இருந்திருந்தாலும் அவர் பையனைத் தாராளமாகத் தூக்கலாம்! தொண்டை வலியும் காய்ச்சலும் சாதாரணச் சளியிலும் வரும். காய்ச்சலும் தடிப்பும் டிங்கியிலும் வரும். இரத்தப் பரிசோதனைதான் முடிவு சொல்லும்.

அதற்கும் காலம் உண்டு. நரம்பில் இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கு 45 நாள். விரல்நுனியில் சொட்டு எடுக்கும் விரைவுப் பரிசோதனைக்கு 90 நாள். அதன்பின் ‘இல்லை’ என்றால் இல்லைதான். அரசாங்கக் கிளினிக்குகளில் இது இலவசம். ஆணுறை கிழிந்தவர்கள் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள். தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும்.

பின் ஏன் இவர் பயம் போகவில்லை? ஒவ்வொரு முடிவும் இரண்டு நாள் நிம்மதி தரும். மூன்றாம் நாள், ‘இரத்தப் புட்டி மாறியிருந்தால்?’ என்று தோன்றும். சொறியச் சொறிய அரிப்பு கூடும், அல்லவா?

“தம்பி, நோய் இல்லை என்று நம்பிவிட்டால் அப்புறம் என்ன?” என்று கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. “வீட்டுக்காரி முகத்தைப் பார்க்கணுமே டாக்டர்,” என்றார். அதற்குப் பரிசோதனை எந்தக் கிளினிக்கிலும் கிடையாது. சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. அதில் நான் நாட்டாமை செய்யவில்லை.

இனிப் பரிசோதனை இல்லை, கண்ணாடியில் நாக்கைப் பார்ப்பதில்லை, நள்ளிரவில் இணையத்தில் தேடுவதில்லை என்றேன். மனம் உந்தினால் கால் மணி நேரம் தள்ளிப்போடச் சொன்னேன். தூக்கமே கெட்டிருந்ததால் மனநல மருத்துவரிடமும் அனுப்பினேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போன வாரம் மறுபடி போன் செய்தார். “கடைசியா ஒரே ஒரு தடவை, டாக்டர்?” முடியாது என்றேன். கொஞ்சம் மௌனம். பின்னால் பையன் அழும் சத்தம். “சரி, அவனைத் தூக்கணும்,” என்று போனை வைத்துவிட்டார்.