கையில் ஒட்டியதும் கண்ணில் பட்டதும்

(ஊராட்சி ஒன்றியப் பயிற்சி முகாம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வட்டார வளர்ச்சி அலுவலர் என்றால் சாலை, குடிநீர்த் தொட்டி, தொகுப்பு வீடு இவற்றைப் பற்றியே பேசுவார் என்று எண்ணி வந்திருப்பீர்கள். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், கையில் ஒட்டிய பிசினையும் கறையையும் போக்குவது. இதற்கும் ஒரு கூட்டமா என்று பின்வரிசையில் சிலர் புன்முறுவல் பூப்பது தெரிகிறது. கறை ஒருநாள் கையில் கிடந்தால் பெருங்கேடு ஒன்றும் இல்லை. அதைப் போக்கும் அவசரத்திலேதான் தோல் புண்ணாகிறது. சில வேளை குழந்தையின் உயிருக்கே ஊறு நேர்கிறது.

தாரோ பெயிண்டோ காலில் ஒட்டினால் நம் ஊர்களில் முதலில் என்ன செய்கிறார்கள்? மண்ணெண்ணெயைத் தேடுகிறார்கள், அது அகப்படாவிட்டால் மோட்டார் சைக்கிளில் இருந்து பெட்ரோலைத் துணியில் நனைத்துத் தேய்க்கிறார்கள். கறை போய்விடுவது மெய்தான். ஆனால் தோலுக்கு இயல்பாக உள்ள எண்ணெய்ப்பசையும் அதனோடு போய்விடும். தோல் வறண்டு வெடிக்கும். மெல்லிய தோலாயின் சிவந்து எரியும். அந்தக் கையோடு அடுப்படிக்குச் செல்பவர் நெருப்பை வலிய அழைக்கிறார். இவற்றிலும் கொடியது வேறொன்று உண்டு. மிச்சத்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றித் திண்ணையில் வைத்துவிடுகிறோம். தண்ணீர் என்று எண்ணிக் குழந்தை ஒரு வாய் குடித்தால் போதும். அது நுரையீரலுள் இறங்கி மூச்சை அடைக்கும். அந்நேரத்தில் விரலை விட்டு வாந்தி எடுக்கச் செய்யவே கூடாது. வெளிவரும் மண்ணெண்ணெய் மறுபடியும் நுரையீரலுக்குள் புகும். தாமதமின்றி 108க்குச் சொல்லி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இத்தனைக்கும் நல்ல உபாயம் நம் வீட்டிலேயே இருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்தில் பலாப்பழம் அரியும் பெண்மணி, கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவாமல் பழத்தைத் தொடமாட்டார். பலாப்பால் நீரில் கரையாது, எண்ணெயில் இளகும் என்பதை அவர் எந்தப் பள்ளியிலும் படித்தவர் அல்லர். வாழைப்பூ ஆய்பவரும் அதையே செய்கிறார். ஆனால் அதே வீட்டில் பையன் தாரை மிதித்துவிட்டு வந்தால் அந்த அறிவை மறந்து பெட்ரோலைத் தேடுகிறோம்! ஆறிய தாருக்கும், எண்ணெய்ப் பெயிண்டுக்கும், வண்டி மசைக்கும், தலைமயிரில் ஒட்டிய சூயிங்கத்துக்கும் தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ போதும். தாராளமாகத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டுப் பழந்துணியால் துடைக்க வேண்டும். பிடிவாதமான கறைக்கு இதை இரண்டு மூன்று முறை செய்யலாம். பின்பு சோப்பு நீரால் கழுவினால் எண்ணெயும் போய்விடும். செங்கல் தூளும் கம்பி நாரும் பாத்திரத்துக்கு உரியவை. அவற்றால் தோலைத் தேய்ப்பது மேல்தோலை உரிப்பதாகும்.

எலுமிச்சையைப் பற்றியும் ஒரு சொல். கறை போக அதன் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அச்சாற்றில் உள்ள ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்தால் இரண்டொரு நாளில் தோல் சிவந்து கொப்புளிக்கும். பிறகு கருந்திட்டாகப் பல வாரம் நிற்கும். போக்க எண்ணிய கறையைவிட இது பெரிய கறை.

விரைவில் ஒட்டும் பசையால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்கலாகாது; தோல் கிழியும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்ல உருட்டினால் விடும். அப்பசை பருத்தித் துணியில் சிந்தினால் சூடேறிச் சுடும் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே சிந்திய பசையைப் பஞ்சால் ஒற்ற வேண்டாம்.

இனி, எண்ணெய் உதவாத இடங்களைக் கூறுவோம். உழவர்கள் இதைச் சற்றே கருத்தூன்றிக் கேட்க வேண்டுகிறோம். பூச்சிமருந்து மேலே தெறித்தால் எண்ணெயைத் தொடவே கூடாது. பல மருந்துகள் தோல் வழியாகவே உடலுக்குள் இறங்குபவை. எண்ணெய் அவற்றுக்கு வழிவிட்டுக் கொடுக்கும். நனைந்த சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சோப்பும் நிறைந்த தண்ணீரும் கொண்டு கழுவுக. தலைச்சுற்றல், வாந்தி, மிகுந்த வியர்வை, கண் மங்கல் எது தோன்றினாலும் மருந்துப் புட்டியின் சீட்டோடு மருத்துவரிடம் செல்க.

முந்திரிக்கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் மற்றொன்று. பச்சைக் கொட்டையை உடைப்பவர் கையில் அது பட்டால் தோல் வெந்து கொப்புளம் எழும். கொட்டை உடைக்கும் பெண்கள் ஆமணக்கெண்ணெயும் சாம்பலும் பூசிக்கொள்வது, படுவதற்கு முன்னே செய்துகொள்ளும் காப்பு. பட்ட பிறகு உடனே சோப்பு நீரில் கழுவுவதே முறை. அந்தக் கையால் முகத்தைத் தொடலாகாது. கையுறை கிடைக்குமாயின் அதனினும் நன்று.

கொதிக்கும் தார் பட்டதற்கும் ஆறிய தார் ஒட்டியதற்கும் உள்ள வேறுபாட்டைச் சாலைப் பணியாளர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். சூடான தார் தெறித்தால் அதைப் பிய்க்கக் கூடாது. தாரோடு தோலும் வந்துவிடும். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடித்திருந்து, தார் ஒட்டியபடியே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஐஸ் கட்டியோ பற்பசையோ மையோ தடவுவது வேண்டாம்.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் முடிப்பதற்கில்லை. வேலிக் கள்ளியை வெட்டும்போதும் எருக்கம்பூப் பறிக்கும்போதும் பால் கண்ணில் தெறிக்கிறது. எருக்கம்பாலில் ஒரு வஞ்சகம் உண்டு. அது கண்ணை மரக்கச் செய்வதால் வலி மிகத் தோன்றாது. பார்வை மங்கும்போதுதான் உணர்கிறோம். வலி இல்லையே என்று இருந்துவிடுதல் தகாது. பாலாயினும் சுண்ணாம்பாயினும் சிமெண்டுக் குழம்பாயினும், இமையை விரித்துப் பிடித்துச் சுத்தமான நீரை 15 நிமிடத்துக்குக் குறையாமல் விட்டுக் கழுவிய பின்பே மருத்துவரிடம் புறப்பட வேண்டும். முதலில் வண்டி, பிறகு தண்ணீர் என்பது தலைகீழ். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதையும் கண்ணில் விடலாகாது.

இதில் ஊராட்சி மன்றங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தங்கள் எல்லைக்குள் சாலை போடும் இடம் எதுவாயினும், தார் காய்ச்சும் அடுப்புக்கு அருகில் குழாயோடு கூடிய ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி, இரண்டு சோப்பு, ஒரு புட்டி தேங்காய் எண்ணெய் வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் கேட்கலாம். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. இதற்கான தீர்மான வாசகத்தை எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம். உணவு இடைவேளைக்கு முன்பு அது வாசிக்கப்படும். திருத்தம் கூற விரும்புவோர் அப்போது கூறலாம்.