குப்பனும் வேண்டாமும்
(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பெயர்களும் பொருளும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழகான பெயர்களுக்குக் கடையில் புத்தகம் கிடைக்கிறது. அதனால் நான் அழகில்லாத பெயர்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். வருகைப் பதிவு எடுக்கும்போது குப்பன், பிச்சை, மூக்கன் என்று கூப்பிட்டதும் கடைசி பெஞ்சில் ஒரு 'களுக்' கேட்குமே, அந்தப் பெயர்கள்.

குப்பன் என்றால் குப்பைதான். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் புரட்டி எடுத்து இந்தப் பெயரை வைப்பார்கள். குப்பையைப் போய் எமன் எடுப்பானா என்று ஒரு கணக்கு. பிச்சை என்பது சாமியிடமோ ஊராரிடமோ இரந்து வாங்கிய பிள்ளை. ஆண் பிள்ளைக்கு மூக்குக் குத்திவிட்டால் அவன் மூக்கன். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லி உங்களைச் சின்ன வயதில் அழவைத்திருப்பார்களே, அதுவும் வெறும் கேலி இல்லை. பிள்ளையை அடுத்த வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு, தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கத்தின் மிச்சம் அது.

ஏதோ படிக்காத ஜனங்களின் பழக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். தியாகராஜ சுவாமிகளின் சீடர் வீணை குப்பையர், சம்ஸ்கிருதப் பேரறிஞர் குப்புசாமி சாஸ்திரி, இவர்கள் பெயரிலும் அதே குப்பைதான் இருக்கிறது. தெலுங்கில் பென்டய்யா என்பார்கள். பென்ட என்றால் எருக்குவியல். வங்காளத்தில் தீன்கொரி, பாஞ்ச்கொரி என்று பெயர் உண்டு. மூன்று சோழிக்கு விற்ற பிள்ளை, ஐந்து சோழிக்கு விற்ற பிள்ளை! வடக்கே மூக்குத்திக்கு நத் என்று பெயர். அதனால் அங்கே நம் மூக்கன் நத்து ஆகிவிடுகிறான். போஜ்புரி நாடக மேதை பிகாரி டாக்கூர் (1887-1971) பெயரைக் கேட்டு பீகார் மாநிலத்தை நினைக்க வேண்டாம். பிகாரி என்றால் பிச்சைக்காரன்.

மங்கோலியாவில் நெர்குய் என்று பெயர் வைக்கிறார்கள். அர்த்தம், 'பெயரில்லாதவன்'. இன்னொரு பெயர் ஹுன்பிஷ்: 'மனிதன் இல்லை'. நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் கொகுமோ, அதாவது 'இனிச் சாகாது'. மங்கோலியத் தாய்க்கும் நம்ம ஊர்த் தாய்க்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு பேரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், அவ்வளவுதான்.

1971-இல் நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-இல் அது 28. குப்பன்கள் குறைந்துபோனதற்கு நாகரிகம் காரணம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். தடுப்பூசிக்கும் பிரசவ ஆஸ்பத்திரிக்கும்தான் நான் முதல் மாலை போடுவேன்.

இனி இரண்டாவது வகை. இதைச் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வேண்டாம், போதும்பொண்ணு. இவையும் நம் தமிழ்நாட்டுப் பெயர்கள். மகாராஷ்டிரத்தில் நகுசா, வேண்டாதவள் என்று பொருள். சீனத்தில் ஜாவ்தி, 'தம்பியைக் கூப்பிடு' என்று. குப்பன் என்று கூப்பிட்டவர்கள் அந்தப் பிள்ளை இருக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். இங்கே அடுத்தது ஆணாக வர வேண்டும் என்பதற்காக, இருக்கிற பெண்ணை ஆயுளுக்கும் 'வேண்டாம்' என்று கூப்பிடுகிறார்கள். கேட்பதற்கு இரண்டும் ஒரே ஜாதிப் பெயர் மாதிரி இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இதிலும் ஒரு கசப்பான சங்கதி உண்டு. வேண்டாம் என்று பெயர் வைத்த வீட்டில் அந்தப் பெண்ணைச் சோறு போட்டு வளர்க்கவாவது செய்தார்கள். ஸ்கேன் வந்த பிறகு பெயர் வைக்கும் வேலையே இல்லாமல் போயிற்று. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994-இல் சட்டம் கொண்டுவர வேண்டிய நிலைமை!

2011 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில், நகுசா என்று பெயர் கொண்ட 285 பெண் குழந்தைகளுக்கு ஒரே விழாவில் புதுப் பெயர் சூட்டினார்கள். சிலர் நடிகையின் பெயரையும் சிலர் தெய்வத்தின் பெயரையும் தேர்ந்தெடுத்தார்கள். நடிகை பெயரா என்று முகம் சுளிக்க வேண்டாம். தன் பெயரைத் தானே தேர்ந்தெடுக்கும் பாக்கியம் நம்மில் எத்தனை பேருக்குக் கிடைத்தது?

நம் மாநிலத்திலும் அரசிதழில் வெளியிட்டுப் பெயரை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. கட்டணம் உண்டு, நோட்டரி கையெழுத்து, மனு, அலைச்சல் எல்லாம் உண்டு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பெண் தனியாக இதைச் செய்ய முடியாது. நம் சங்கத்தில் வக்கீல்கள் இருக்கிறார்கள், அரசு அலுவலர்களும் இருக்கிறார்கள். விரும்பிக் கேட்கும் மாணவிக்கு அந்தச் செலவையும் அலைச்சலையும் சங்கம் ஏற்றுக்கொள்ளலாமே என்று செயற்குழுவின் முன் வைக்கிறேன். விரும்பிக் கேட்டால் மட்டும்தான். தன் பெயர் தனக்குப் போதும் என்கிற பெண்ணிடம் நாம் போய் நிற்கக் கூடாது.

செயற்குழு மாலை நான்கு மணிக்குக் கூடுகிறது என்றார்கள். நான் அங்கே இருப்பேன்.