பாலாற்றங்கரையில் ஒரு தொழுவம்

 

தமிழில் பனி என்னும் சொல் ஒன்றுதான். மார்கழி விடியலில் பூசணி இலையின்மேல் துளியாய் நிற்பதும் பனி. மேலைநாட்டு வாழ்த்து அட்டையில் வீட்டுக் கூரையின்மேல் வெண்பஞ்சாய்க் கிடப்பதும் பனி. இந்த ஒரு சொல் ஆம்பூர்ச் சிறுமி ஒருத்திக்குச் செய்த உதவியையும், அவ்வுதவியால் விளைந்த இழப்பையும் எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

1990-ஆம் ஆண்டு சனவரியில், அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். ஆறாம் வகுப்பில் தமிழாசிரியை கட்டுரை எழுதப் பணித்தார். தலைப்பு, 'நான் கொண்டாடிய விழா.' அச்சிறுமி கிறிஸ்துமஸ் பற்றி எழுதினாள். பனி பெய்தது, மணி ஒலித்தது, விண்மீன் விளக்கு ஒளிர்ந்தது, புத்தாடை அணிந்தோம், அனைவரும் மகிழ்ந்தோம் என்று ஒன்றரைப் பக்கம். ஆசிரியை சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதி, வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினார். கட்டுரையில் பொய் என்று சுட்ட ஒரு சொல்லும் இல்லை. பனி பெய்யத்தான் செய்தது. ஆயினும் படித்தவர் கண்ணில் விழுந்த பனி வேறு. ஆம்பூரில் பெய்த பனி வேறு. அந்த ஒன்றரைப் பக்கத்தில் ஊரின் வாடை இல்லை. அப்பாவும் இல்லை.

இராணிப்பேட்டை, மேல்விசாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றையும் அதன் அண்டையையும் ஒட்டித் தொடரும் ஊர்களைத் தோல் நகரங்கள் என்பர். தோல் பதனிடும் தொழிற்கூடம் என்பது நூல் வழக்கு. ஊர் வழக்கில் அது தோல் ஷாப்பு. உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இட்டு மயிர் நீக்கி, ஒட்டியிருக்கும் சதையைச் சீவி, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்திய காலம் ஒன்று இருந்தது. பாதி பதனிட்ட தோலை அயல்நாட்டுக்கு அனுப்புவதற்கு 1970-களில் கட்டுப்பாடு வந்தபின் குரோமியம் பெருகியது. பட்டையின் துவர்ப்பு மணம் குறைந்தது. வேறொரு நெடி கூடிற்று. வெளியூரார் இரயில் நிலையத்தில் இறங்கியதும் மூக்கைப் பொத்துவர். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கோ அந்நெடி இருப்பதே தெரியாது. வெளியூரிலிருந்து உறவினர் வந்து முகம் சுளிக்கும் நாளில்தான் அவர்கள் அதை முதன்முதலாக முகர்கிறார்கள். முகர்ந்தபின் மறக்க முடிவதில்லை.

இத்தகைய ஊரில் கிறிஸ்துமஸ் மார்கழிக்குள் வருகிறது. விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. அதற்கு முன்பே, நள்ளிரவு கடந்து, கேரல் குழுவின் தப்லாவும் சிங்கியும். அவ்விரண்டுக்கும் நடுவே பள்ளிவாசலின் பாங்கு. ஒரே பனியில் மூன்று குரல்கள். கேரல் குழு எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்பது எவருக்கும் உறுதியாய்த் தெரியாது. உறங்காமலிருப்பதாகச் சூளுரைத்த பிள்ளைகள் உறங்கிப்போவார்கள். விழித்துப் பார்த்தால் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் சுவரில் நடந்துகொண்டிருக்கும். மூங்கில் சீவி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கிட்ட விண்மீன் வாசலில் ஆடும். கிறிஸ்துமஸ் மரத்துக்கு இங்கே ஊசியிலை மரம் ஏது? சவுக்குக் கிளைதான். பஞ்சைப் பிய்த்து அதன்மேல் தூவுவார்கள். பஞ்சு எதற்கு என்று எவரும் கேட்டதில்லை. அச்சு முறுக்கு, சோமாசி, அதிரசம் ஆகியவை வாழையிலை மூடிய தட்டுகளில் அண்டை வீடுகளுக்குச் செல்லும். இசுலாமியர் வீட்டுக்குச் சென்ற தட்டு வெறுமையாய்த் திரும்பாது. ரமலான் பெருநாளில் அக்கணக்கு பிரியாணியால் நேராகும். தையற்காரர் வாக்களித்த நாளில் பாவாடையைத் தந்ததாக மட்டும் வரலாறு இல்லை.

இவையெல்லாம் இனிய நினைவுகளே. இவற்றை எழுதுவதில் குற்றமில்லை. இவற்றோடு நின்றுவிடுவதில்தான் சிக்கல்.

அச்சிறுமியின் தந்தை சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். குழியில் இறங்கிய தோல் பண்டிகை பார்ப்பதில்லை. உரிய நாளில் எடுக்காவிடில் கெட்டுப்போகும். ஆகவே திசம்பர் 24-ஆம் நாள் மாலை வரையிலும் அவருக்கு வேலை இருந்தது. வீடு வந்து சீயக்காயும் எலுமிச்சைத் தோலும் தேய்த்துக் குளிப்பார். நகக்கண்ணில் சுண்ணாம்பு அரித்த வெண்மை போகாது. வாடையும் முழுதாய்ப் போகாது. அதிகாலை ஆராதனைக்குப் புதிய வேட்டியில் வருவார். வந்து வாசற்படி அருகே, தூணை ஒட்டி நிற்பார். அங்கே நிற்கும்படி அவரிடம் சொன்னவர் எவருமில்லை. உள்ளே வந்து உட்காரும்படி சொன்னவரும் எவருமில்லை. மகள் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றாள். பாடும்போது ஒருமுறையும் வாசற்பக்கம் திரும்பவில்லை. கட்டுரையில் விடுபட்டுப்போனது இதுவே. மறந்து விட்டதன்று, எழுத எண்ணி, வேண்டாமென்று விட்டது.

பீடத்தின் அருகே வைக்கோல் குடில் இருந்தது. களிமண் மாடு இரண்டு, கழுதை ஒன்று. அச்சிறுமிக்கு மாடு என்றால் இரண்டு வகை; ஒன்று குடிலில் குழந்தையை நோக்கிக் குனிந்திருப்பது, மற்றொன்று மாட்டுவண்டியில் உப்புப் படிந்து மடித்து வருவது. இரண்டும் ஒன்றே என்று நினைக்க அவள் மனம் ஒப்பவில்லை.

இங்கே ஒரு சிறு சொல்லாராய்ச்சி பொருந்தும். இயேசுவின் பிறப்பைச் சொல்லும் லூக்கா நற்செய்தியில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. குழந்தையைக் கிடத்திய இடம் மட்டுமே குறிக்கப்படுகிறது. அதற்குப் பழைய தமிழ் விவிலியம் வழங்கிய சொல் 'முன்னணை'. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'தீவனத் தொட்டி' என்கிறது. முன்னணை என்னும் சொல்லைத் தமிழ்க் கிறித்தவப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆண்டுக்கு ஒருமுறை திசம்பரில்தான் கேட்கின்றனர். அதனால் அது தெய்வத்தன்மை பூண்ட ஏதோ ஒரு கட்டில் என்று எண்ணி விடுகின்றனர். தீவனத் தொட்டி என்றதும் கட்டில் மறைந்து, சாணமும் எச்சிலும் புளித்த தவிடும் மணக்கின்றன. பிந்திய மொழிபெயர்ப்பு இவ்வொரு இடத்திலாவது வென்றது என்றே சொல்லவேண்டும். மாடும் கழுதையும் பின்னால் வந்து சேர்ந்தவை. 1223-இல் இத்தாலியின் கிரெச்சியோ என்னும் ஊரில் அசிசியின் பிரான்சிசு, உயிருள்ள விலங்குகளை நிறுத்திக் குடில் அமைத்தார். மணம் உள்ள குடிலாகத்தான் அது இருந்திருக்கும். பின்வந்தோர் அதைக் களிமண்ணாக்கி, வண்ணம் தீட்டி, வாடையை நீக்கினர்.

பெத்லகேமைத் தமிழ் மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் நம் புலவர்கள். வீரமாமுனிவர் தேம்பாவணியின் 3615 பாடல்களில் யூதேய நாட்டை வயலும் சோலையுமாகத் தமிழ்க் காப்பிய மரபில் வளப்படுத்தினார். தஞ்சை வேதநாயக சாத்திரியார் பெத்லகேமுக்கு ஒரு குறவஞ்சியே பாடினார்; அவருடைய கீர்த்தனைகள் இன்றும் தேவாலயங்களில் இசைக்கப்படுகின்றன. பஞ்சுப் பனிக்கு அவர்கள் காட்டில் வேலையில்லை. எனினும் அவர்கள் படைத்த நாட்டில் தோல் ஷாப்புக்கும் இடமில்லை. காப்பிய நாட்டுவளத்தில் நாறும் பொருள் எதுவும் நுழைவதில்லை.

அப்படியானால் தமிழில் இதற்கு முன்மாதிரியே இல்லையா என்னும் வினா எழும். இருக்கிறது. அது இரண்டாயிரம் ஆண்டு அளவு பழமையுடையது. கிறித்தவப் பாட்டும் அன்று. புறநானூற்றின் 82-ஆம் பாடல், சாத்தந்தையார் பாடியது. சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளியின் போர் விரைவுக்கு ஓர் உவமை தேடுகிறார் புலவர். ஊரில் விழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவி மகப்பேற்று நோவில் இருக்கிறாள், மழை பெய்கிறது, பொழுது சாய்கிறது. இந்நான்குக்கும் நடுவே கட்டிலுக்கு வார் பிணித்துக்கொண்டிருக்கும் தொழிலாளி ஒருவனின் கையில் ஊசி எவ்வளவு விரைந்து ஓடுமோ, அவ்வளவு விரைந்ததாம் அந்தப் போர். விழா, பிறப்பு, தோல்வார், முடித்தே ஆகவேண்டிய வேலை! குழியில் தோல் கிடக்க, வீட்டில் பண்டிகை காத்திருக்க, திசம்பர் 24-இன் மாலையில் கைகளை விரைந்து ஓட்டிய ஆம்பூர்த் தந்தைக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறு எந்தப் பாட்டில் உண்டு? புலவர் அத்தொழிலாளியை இழிந்தவன் என்று பொருள்படும் சொல்லால்தான் சுட்டுகிறார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊசியைக் கண்டிருக்கிறார். அவன் மனம் எங்கே இருந்தது என்பதையும் கண்டிருக்கிறார். மன்னனின் வெற்றியை அளப்பதற்கு அவருக்குக் கிடைத்த அளவுகோல் அந்த மனிதனின் தவிப்பே. கட்டுரை எழுதிய சிறுமி கல்லூரியில் இப்பாடலைப் பயின்ற நாளில், ஆறாம் வகுப்புக் குறிப்பேட்டின் சிவப்பு மை அவள் நினைவுக்கு வந்தது. பாடம் நடந்துகொண்டிருக்கையில் எழுந்து வெளியே போய் நின்றாள்.

இன்று இத்தொழிலும் இம்மாந்தரும் இலக்கியத்துக்குப் புதியவர் அல்லர். திண்டுக்கல் தோல் தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் டி. செல்வராஜின் 'தோல்' 2012-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பேரணாம்பட்டு மண்ணிலிருந்து அழகிய பெரியவன் 'தகப்பன் கொடி'யைத் தந்தார். அந்த நூல்களின் தோளில் நின்றுகொண்டும், விழா மலர்களுக்குக் கவிதை கேட்கும்போது பஞ்சுப் பனியே வந்து குவிகிறது என்பது இவ்வவை அறிந்த செய்தி. ஆண்டுதோறும் திசம்பர்க் கூட்டத்தில் 'வெண்பனி' என்று தொடங்கும் கவிதைகளை எண்ணியவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

பயணம் ஒன்றைச் சொல்லி இவ்வுரை அமையும்.

1995 திசம்பர், கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள். அப்பெண்ணும் பள்ளித் தோழியர் இருவரும் ஏலகிரி மலைக்குப் புறப்பட்டனர்; துணைக்கு ஒருத்தியின் பெரியம்மா. தோழியருள் ஒருத்தி இசுலாமியப் பெண். விண்ணமங்கலம், வாணியம்பாடி, கேத்தாண்டப்பட்டி கடந்து ஜோலார்பேட்டை வரை இரயில். மலையேறும் முன் திருப்பத்தூர்க் கிறித்துகுல ஆசிரமத்தைப் பார்க்கவேண்டும் என்பது பெரியம்மாவின் விருப்பம். 1921-இல் இரு நண்பர்கள் தொடங்கிய ஆசிரமம் அது. ஒருவர் தமிழர், மருத்துவர் சவரிராயன் இயேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். ஊரார் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தனர். கதருடுத்தி, மணம்புரியாது, எளியோர்க்கு மருத்துவம் பார்த்து வாழ்ந்தார்கள். சின்னண்ணன் 1932-இல் சென்னையில் கதராடையோடு நின்றதற்காகக் காவலரிடம் அடிபட்டார். அவர்கள் எழுப்பிய வழிபாட்டிடம் கோபுரத்தோடு தமிழ்க் கோயிற்பாங்கில் அமைந்தது. உள்ளே நாற்காலி வரிசைகள் இல்லை; தரையில்தான் அமரவேண்டும். தரையில் முன்வரிசை பின்வரிசை அவ்வளவாகத் தெரிவதில்லை என்பதை அப்பெண் அன்று கவனித்தாள்.

குடிலைப் பற்றிப் பேச்சு வந்தது. தங்கள் வேதத்தில் மர்யத்தின் பெயரால் ஓர் அத்தியாயமே உண்டு என்றும், அதில் ஈசா நபி பிறந்தது பேரீச்ச மரத்தடியில் என்றும் இசுலாமியத் தோழி சொன்னாள். பிறகு, தொழுவத்தில் பிறந்ததாகச் சொல்கிறீர்களே, பிள்ளை பெற்ற தாய்க்கு அந்த வாடை எப்படிப் பொறுத்திருக்கும் என்று கேட்டாள். கேலியாக அன்று, மெய்யான அக்கறையோடு கேட்டாள். எவருக்கும் விடை தெரியவில்லை. பெரியம்மா மட்டும், பழகியிருக்கும் என்றார்.

ஏலகிரிச் சாலையில் பதினான்கு கொண்டையூசி வளைவுகள். இன்று அவற்றுக்குப் பாவேந்தர், பாரதியார், திருவள்ளுவர் எனத் தொடங்கிப் புலவர் பெயர்களும், மேலே ஏற ஏறக் கடையெழு வள்ளல்கள் பெயர்களும் உண்டு. புலவர்களைக் கடந்தால்தான் வள்ளல்களைக் காணமுடியும் என்று வைத்தவரின் நகைச்சுவை பாராட்டத்தக்கது. வட்டத்தின் பொருளாளர் இதைக் குறித்துக்கொள்ளலாம். மேலிருந்து பார்க்கையில் பாலாறு வெள்ளை மணற்கோடாய்த் தெரிந்தது. அடுத்த ஆண்டு, 1996 ஆகஸ்டு 28-இல், உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. தோல் கழிவால் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாயிற்று என்னும் கணக்கு அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளது. ஒரே தொழில் வீட்டுக்கு அதிரசமும் ஆற்றுக்கு நஞ்சும் தந்தது. மலைமேல் நின்ற மூவருக்கும் அன்று அந்தக் கணக்குத் தெரியாது. கிணற்றுநீர் உப்புக் கரிப்பது மட்டும் தெரியும்.

நண்பகலில் ஒரு பாறையின்மேல் உணவுப் பொதிகளைப் பிரித்தனர். அப்பெண் தன் பொதியைப் பிரிக்கத் தயங்கினாள். கிளம்பும்போது தந்தை தந்தது அது. உள்ளே அதிரசம், மேலே துணி, துணியைச் சுற்றிக் கட்டியிருந்தது ஷாப்பிலிருந்து கொண்டுவந்த தோல்வார். கயிறு கிடைக்கவில்லை போலும். இசுலாமியத் தோழி அதை வாங்கி, முடிச்சை அவிழ்த்து, வாரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். நன்றாகப் பதப்பட்ட தோல் என்றாள். அவள் வீட்டிலும் தோல் ஷாப்பு வேலையே. பிறகு வாரைச் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டு, முதல் அதிரசத்தை எடுத்தாள்.