தன்னை அறிந்து பகையை அறிதல்



ஒரே வீட்டில் ஒரே காய்ச்சல் புகுகின்றது. ஒருவர் இரண்டொரு நாளில் எழுந்து நடமாடுகின்றார்; மற்றவரோ வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்கின்றார். இவ்வேற்றுமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் பெற்றோரிடமிருந்து நாம் பெறும் ஜீன்களைச் சார்ந்த ஒன்றை மட்டும் இன்று எடுத்துச் சொல்ல விரும்புகின்றேன்.

வைரஸ் நம் உயிரணுவினுள் புகுந்து மறைந்து பெருகுவது. அவ்வாறு பற்றப்பட்ட உயிரணுவைக் கண்டு அழிப்பவை 'டி' உயிரணுக்கள். உள்ளே ஒளிந்திருக்கும் பகையை வெளியே நிற்பவை எங்ஙனம் அறிகின்றன?

ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் பீட்டர் டோகர்ட்டி, ரோல்ஃப் சிங்கர்நாகல் என்னும் இருவர் இதனை ஆராய்ந்தனர். எலிகளின் மூளையுறையைத் தாக்கும் ஒரு வைரஸை அவற்றிற்குச் செலுத்தினர். பின்னர் அவ்வெலிகளின் டி உயிரணுக்களை எடுத்து, அதே வைரஸ் பற்றிய வேறு உயிரணுக்களோடு கண்ணாடிக் கலத்தில் சேர்த்தனர். தம் மரபைச் சேர்ந்த எலியின் உயிரணுக்களை அவை கொன்றன. வேறு மரபு எலியின் உயிரணுக்களையோ, வைரஸ் உள்ளே இருந்தும், தீண்டாமல் விட்டன!

இதன் பொருள் யாது? டி உயிரணு வைரஸைத் தனியே காண்பதில்லை. தன் உடலின் அடையாளப் புரதத்தோடு சேர்த்தே காண்கின்றது. 1974இல் வெளியான இக்கண்டுபிடிப்புக்காக 1996இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

உயிரணுவினுள் வைரஸின் புரதங்கள் சிறு துண்டுகளாக நறுக்கப்படுகின்றன. பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டொன்றை அடையாளப் புரதம் தன் பள்ளத்தில் ஏந்தி, உயிரணுவின் மேற்பரப்பில் காட்டுகின்றது. 1987இல் எக்ஸ் கதிர் ஆய்வு அப்பள்ளத்தின் வடிவத்தையே வெளிப்படுத்தியது. மனிதரிடம் இப்புரதங்களை ஆக்கும் எச்.எல்.ஏ. ஜீன்கள் 6ஆம் குரோமோசோமில் உள்ளன. அவை ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடுவதால் பள்ளத்தின் வடிவும் வேறுபடுகின்றது. ஒருவரது பள்ளத்தில் பொருந்தும் துண்டு இன்னொருவரது பள்ளத்தில் பொருந்தாது போகலாம்.

எய்ட்ஸ் நோயின் வைரஸை மருந்தின்றியே நெடுங்காலம் அடக்கி வாழும் சிலரிடையே பி57, பி27 என்னும் வகைகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. தன் வலிமையை இழக்காமல் வைரஸ் எளிதில் மாற்றிக்கொள்ள இயலாத பகுதிகளை இவை எடுத்துக் காட்டுகின்றன. ஆயினும் அதே பி27, முதுகெலும்பை இறுகச் செய்யும் ஒரு வாதநோய்க்கும் துணை போகின்றது.

எனவே எல்லா நோய்க்கும் ஏற்ற உயர்ந்த ஜீன் என்று ஒன்றில்லை. இன்று ஒருவனுக்குத் துணையாகாத ஜீன், நாளை வரும் வைரஸிடமிருந்து அவனைக் காக்கலாம். மக்கள் அனைவரும் ஒரே வார்ப்பாக இருந்திருப்பின், ஒரே வைரஸ் அனைவரையும் ஏய்த்துவிடக்கூடும். நம் வேற்றுமையே நம் இனத்தின் காவல்.