பெருநாயும் பொறுப்பும்



நாய் வளர்ப்பது தமிழருக்குப் புதிய பழக்கம் அன்று. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்ற பெயர்கள் நம் தென்மாவட்டங்களில் பிறந்தவை. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது, கர்நாடகத்து முதோள் நாயோடு நம் ராஜபாளையம் நாயும் அவற்றுள் இடம்பெற்றது. ஆட்டுப்பட்டியையும் தோட்டத்தையும் காத்த இந்த நாய்களின் இயல்பை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். இன்று நம்முன் வந்துள்ள கேள்வியோ வேறு. பிறர் ஒருவர் ஆசையாக வாங்கி, வளர்க்க இயலாமல் கைவிட்ட ராட்வீலர், பிட்புல் போன்ற அயல்நாட்டுப் பெருநாய்களைக் காப்பகத்திலிருந்து நம் வீட்டிற்கு அழைத்து வரலாமா என்பதே அது.

ஊரிகத்திலும் அதைச் சூழ்ந்த தங்கவயல் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி அண்மையானது. பெங்களூர் நமக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவே. அந்நகரத்துக் காப்பகங்களில் இத்தகைய நாய்கள் வந்து சேர்கின்றன. அங்கே பணிபுரியும் நம் பிள்ளைகள் அவற்றைக் கண்டு மனம் இளகுகின்றனர். மனம் இளகுவது நல்லதே. அதன்பின் எண்ண வேண்டியவை சில உள.

முதலில் சட்டத்தின் நிலையைக் காண்போம். 2024-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள் மத்திய அரசின் கால்நடைத் துறை, மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல், ராட்வீலர் உள்ளிட்ட இருபத்துமூன்று இனங்களைக் குறிப்பிட்டு, அவற்றை விற்கவும் இனப்பெருக்கம் செய்யவும் உரிமம் வழங்கலாகாது என்றும், ஏற்கெனவே வீடுகளில் உள்ளவற்றிற்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்றும் அது கூறிற்று. ஒரு மாதம் நிறைவதற்குள், ஏப்ரல் 10-ஆம் நாள், கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதி எம். நாகபிரசன்னா அந்தச் சுற்றறிக்கையை ரத்துச் செய்தார். பாதிக்கப்படுவோரைக் கலந்து கொள்ளாமல் வெளியிடப்பட்டது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் தலையாயது. உரியவர்களைக் கேட்டறிந்து புதிய விதி செய்ய அரசுக்குத் தடை இல்லை என்பதும் அத்தீர்ப்பிலேயே அடங்கியிருந்தது. ஆகவே, உள்ளூர் விதி என்ன என்பதை ராபர்ட்சன்பேட்டை நகரசபையிலோ அவரவர் ஊர் நகராட்சியிலோ கேட்டறிந்த பின்னரே நாயைக் கொண்டுவர வேண்டும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அந்தச் சுற்றறிக்கையில் ஒரு சொல் உறுத்தியது. ஆங்கிலத்தில் 'பெரோஷஸ்' என்றிருந்ததைத் தமிழில் 'மூர்க்கமான' என்றும், 'ஆபத்தான' என்றும், 'ஆக்ரோஷமான' என்றும் பலவாறு வழங்கினர். இவை ஒரே பொருளன அல்ல. மூர்க்கம் என்பது பிறவிக் குணத்தைக் குறிக்கும். ஆபத்து என்பதோ சூழ்நிலையையும் சேர்த்துக் குறிக்கும். கிணறு மூர்க்கமானது அன்று. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஆபத்தானது. பேச்சுவழக்கில் இன்னொரு குழப்பமும் உண்டு. 'வெறிநாய்' என்பது ஒரு நோய் கண்ட நாய்க்குப் பெயர். எந்த இனத்திற்கும் அது பெயர் அன்று. தெருவில் திரியும் சோணங்கி நாய்க்கும் அந்நோய் வரலாம். தடுப்பூசி போட்ட பிட்புல்லுக்கு வராமலும் இருக்கலாம்.

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அதன் குணம் மாறாது என்னும் பழமொழி நம்மிடையே வழங்குகிறது. இதை அறிவியல் எவ்வளவு ஒப்புக்கொள்கிறது? 2022-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் பதினெட்டாயிரத்திற்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டி ஆராய்ந்தனர். ஒரு நாய்க்கும் மற்றொரு நாய்க்கும் இடையே நடத்தையில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கே இனத்தால் விளங்கியது. 1993-ஆம் ஆண்டில் நெதர்லாந்து பிட்புல் நாய்களைத் தடை செய்தது. நாய்க்கடி குறையவில்லை என்று கண்டு 2008-ஆம் ஆண்டில் அத்தடையை நீக்கியது. இங்கிலாந்தோ தன் 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தை விடாமல் வைத்திருப்பதுடன், 2023-ஆம் ஆண்டின் இறுதியில் மேலும் ஒரு வகையைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அறிந்தவர்களே இவ்வாறு மாறுபடும்போது, பெயரை மட்டும் கேட்டு அஞ்சுவதும் பொருந்தாது. பெயரைப் பாராது துணிவதும் பொருந்தாது.

ஏனெனில், குணம் எதுவாயினும் வலிமை வலிமையே. ராட்வீலர், செருமனியில் ராட்வீல் என்னும் ஊரில் இறைச்சிக் கடைக்காரர்களின் மாடுகளை ஓட்டவும் வண்டி இழுக்கவும் வளர்க்கப்பட்ட இனம். வளர்ந்த ஆண் நாய் ஐம்பது கிலோ எடையை எட்டும். பிட்புல்லின் முன்னோர் காளைகளோடும் பிற நாய்களோடும் பொருத விடப்பட்டவை. சிறுநாய் சினந்து கடித்தால் காயம். இத்தகைய நாய் ஒருமுறை சினந்தாலே உயிருக்கு இடர். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறிய செய்தியை நாம் மறந்திருக்க மாட்டோம். அன்று அந்த நாய்களின் கழுத்தில் வாரும், அதன் மறுமுனையில் வலிய ஒரு கையும் இருந்திருந்தால் அச்செய்தியே பிறந்திராது.

இனி நம் ஊர் நிலைமைக்கு வருவோம். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபின், நம்மவருள் பெரும்பாலோர் பெங்களூரையே பிழைப்பிடமாகக் கொண்டனர். மாரிக்குப்பத்தில் புறப்படும் வைகறை வண்டியில் சாம்பியனிலும் ஊரிகத்திலும் கோரமண்டலிலும் ஏறி, விளக்கு வைத்த பின்னரே வீடு திரும்புகின்றனர். கணவனும் மனைவியும் இவ்வாறு செல்லும் வீட்டில், ஒரு பெருநாய் நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் தனித்திருக்க வேண்டிவரும். அதைச் சங்கிலியில் கட்டிவிட்டுச் செல்வதே எளிய வழி எனத் தோன்றும். அதுவே தீய வழி. நாளெல்லாம் கட்டுண்டு கிடக்கும் நாய் அச்சத்தாலும் சலிப்பாலும் சினம் கொள்ளும். நியாயமற்ற நேரத்திற்கு விலங்கைக் குறுகிய சங்கிலியில் கட்டி வைப்பதை 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் குற்றம் என்கிறது.

மேலும், சுரங்கத் தொழிலாளருக்கெனக் கட்டப்பட்ட நம் லைன் வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டியவை. ஒரு வீட்டு வாசல் அடுத்த வீட்டுக் குழந்தைகளுக்கு விளையாட்டிடம். அங்கே நாய் வளர்ப்பது ஒரு குடும்பத்தின் தனி விஷயம் ஆகாது. அந்த லைன் முழுவதும் அதில் பங்கு கொள்கிறது.

நாம் அறிந்த ஊரிகத்துக் குடும்பம் ஒன்று இதை நன்கு உணர்ந்து நடந்தது. பெங்களூரில் பணிபுரியும் மகன், காப்பகத்தில் இருந்த நான்கு வயது ராட்வீலர் ஒன்றைக் கொண்டுவர விரும்பினான். அதை வளர்த்தவர் வெளிநாடு சென்றுவிட்டாராம். சுரங்கத்தில் பணிபுரிந்து ஓய்ந்த தந்தையார் உடனே இசையவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "குழியில் இறங்குமுன் விளக்கையும் முட்டுக்கட்டையையும் சோதிப்போம். பாறை எப்போது வெடிக்கும் என்று எவனுக்கும் தெரியாது. தெரியாததனால்தான் சோதிக்கிறோம்" என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மகனோடு காப்பகத்திற்குச் சென்று, நாயைத் தாமே வாரில் பிடித்து நடத்திப் பார்த்தார். பின்னர் அண்டை வீடு நான்கிலும் சென்று அவர்கள் கருத்தைக் கேட்டார். ஒரு வீட்டார் தயங்கியதால், வாசலுக்கு ஆளுயரக் கம்பிக் கதவு அமைத்த பின்னரே நாய் வந்தது. பகலெல்லாம் அவர் வீட்டில் இருக்கிறார் என்பதே அந்த ஏற்பாட்டின் அச்சாணி. அவர் இல்லாவிடில் மகனின் இரக்கம் மட்டும் போதியிராது.

காப்பகத்தாரிடம் கேட்க வேண்டியவை இவை: நாய் ஏன் கைவிடப்பட்டது? முன்பு எவரையேனும் கடித்ததுண்டா? சோற்றுத் தட்டின் அருகே எவரேனும் சென்றால் உறுமுகிறதா? குழந்தைகளோடும் பிற நாய்களோடும் பழகியதா? கருத்தடையும் தடுப்பூசியும் ஆயினவா? நேர்மையான காப்பகம் இவற்றிற்கு மறைக்காமல் விடை சொல்லும். நம்மையும் திருப்பிக் கேள்வி கேட்கும். அதனால் நாம் வருந்த வேண்டியதில்லை.

வீட்டிற்கு வந்தபின் முதற்சில வாரங்கள் நாயை விருந்தினர் கூட்டத்திற்கு நடுவே நிறுத்தலாகாது. உண்ணும்போதும் உறங்கும்போதும் அதைத் தொடுவது கூடாது. எவ்வளவு சாதுவாயினும் சிறு குழந்தையோடு அதைத் தனியே விடலாகாது. குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பலாகாது. குரைப்பும் உறுமலும் அது தரும் எச்சரிக்கைகள். உறுமியதற்காக அடித்தால், அடுத்தமுறை எச்சரிக்காமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும். வெளியே செல்லும்போது உறுதியான வாரும் வாய்க்கூடும் இன்றியமையாதவை. வாரைப் பிடிப்பவர் நாயை இழுத்து நிறுத்தும் வலிமை உடையவராதல் வேண்டும்.

இத்தனைக்கும் மேல் ஒருவேளை கடி நேர்ந்துவிட்டால், வளர்ப்பு நாய்தானே என்று இருந்துவிடலாகாது. காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ அப்புவது தீங்கு. தன் நாயால் பிறர்க்குத் தீங்கு நேராதவாறு போதிய கவனம் கொள்ளாத உரிமையாளருக்கு, பாரதிய நியாய சன்ஹிதையின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இவ்வளவையும் கேட்டபின், "நம்மால் இயலாது" என்று ஒருவர் முடிவு செய்தால் அது இரக்கமின்மை ஆகாது. ஒருமுறை கைவிடப்பட்ட நாயை மறுமுறையும் கைவிட நேர்வதைக் காட்டிலும், முன்னரே மறுப்பது அந்த உயிருக்குச் செய்யும் நன்மையே ஆகும். இயலாதவர் காப்பகத்திற்கு அரிசியோ மருந்துச் செலவோ அளித்து உதவலாம். இயலும் என்று துணிபவரோ, பத்தாண்டுகளுக்கு ஒரு கடமையை ஏற்கிறோம் என்று உணர்ந்து ஏற்க வேண்டும். சுற்றறிக்கை வந்தது, நீதிமன்றம் அதை நீக்கிற்று. இனி நல்ல நாய் என்றும் கெட்ட நாய் என்றும் தீர்மானிக்கும் பொறுப்பில் பெரும்பங்கு, வாரைப் பிடித்திருக்கும் கையையே சாரும்.