ஓசி வேறு, உரிமை வேறு
(மாணவர் முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தப் பென்டிரைவில் நான் சில வருஷமாகச் சேர்த்த ஆறு மென்பொருள்கள் இருக்கு. கட்டுரை எழுத லிப்ரே ஆபிஸ், படம் திருத்த கிம்ப், போஸ்டர் வரைய இங்க்ஸ்கேப், இதழின் பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ், பேச்சைப் பதிவு செய்ய அடாசிட்டி. ஸ்கேன் செய்த பழைய பக்கத்தைப் படித்துத் தமிழ் எழுத்தாகத் தருவது டெசராக்ட்.

'எல்லாம் ஓசியா?' என்று கேட்கிறார்கள். ஓசி என்பது கொடுக்கிறவன் தயவு. இது உரிமை.

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். பயன்படுத்த, உள்ளே பிரித்துப் படிக்க, மாற்ற, பிரதி எடுத்துக் கொடுக்க என்று நான்கு உரிமைகள். 1989இல் ஜிபிஎல் உரிமம் இதைச் சட்டமொழியில் எழுதியது. மாற்றி வெளியிடுகிறவரும் அதே உரிமையை அடுத்தவருக்குத் தந்தாகணும். இந்த ஆறில் நான்கு ஜிபிஎல். மற்ற இரண்டும் பிரதியெடுக்க அனுமதிப்பவைதான்.

திருட்டுப் பிரதியில் இது கிடையாது. அங்கே சாவி கம்பெனிக்காரன் கையில். நாம் எழுதியதை நாமே திறக்க இன்னொருத்தன் சாவிக்குக் காத்திருக்கணுமா?

குறையும் உண்டு. அச்சு மங்கியிருந்தால் டெசராக்ட் தப்பாகப் படிக்கும். மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தணும். ஸ்கிரைபஸ் பழகவும் நாளாகும்.

அதனால பிரதியெடுத்துக் கொடுத்தா மட்டும் போதாது. பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் குடுங்க. அவங்க இன்னும் ரெண்டு பேருக்குச் சொல்லட்டும்.