நூற்ற நூலைப் பிரித்துவிடாதீர்கள்!

 



ஜும்ஆவின் இரண்டாம் குத்பா நிறைவுறும் வேளையில், நீதி செலுத்தவும் நன்மை புரியவும் உறவினர்க்கு ஈந்து உதவவும் கட்டளையிடும் திருவசனம் ஓதப்படுவதை நீங்கள் வாரந்தோறும் செவியுறுகிறீர்கள். கலீஃபா உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களின் காலந்தொட்டு இவ்வழக்கம் இருந்து வருவதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அது ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தின் 90ஆம் வசனம். அதற்கு இரண்டு வசனங்கள் தள்ளி, 92ஆம் வசனத்தில், ஒரு பெண்மணியை அல்லாஹ் உவமையாகக் காட்டுகின்றான். அவள் பாடுபட்டு நூல் நூற்கிறாள். அதை உறுதியாக முறுக்கேற்றுகிறாள். பிறகு தன் கையாலேயே பிரித்துச் சிதைத்துவிடுகிறாள். அவளைப் போல் ஆகிவிட வேண்டாம் என்று இறைவன் நம்மை எச்சரிக்கின்றான்.

செய்த சத்தியத்தையும் உடன்படிக்கையையும் முறிப்போரைக் குறித்தே அவ்வுவமை கூறப்பட்டது. ஆயினும், பாடுபட்டு ஈட்டிய நன்மையைத் தம் கையாலேயே அழித்துக்கொள்ளும் எவருக்கும் அதில் படிப்பினை உண்டு. நம் இல்லங்களில் அன்றாடம் நிகழும் ஒன்றை அந்த உவமையின் வெளிச்சத்தில் சற்றுச் சிந்திப்போம்.

சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்புடன் கூறிவிடுகிறார். அந்தச் சகோதரர் மனம் வைத்து முயல்கிறார். எண்ணெய்ப் பண்டங்களைக் குறைக்கிறார், இனிப்பைத் தவிர்க்கிறார், சுப்ஹுத் தொழுகைக்குப் பின் நடக்கிறார். ஆறு மாதத்தில் பத்து கிலோ குறைகிறது. சட்டை தொளதொளக்கிறது, முழங்கால் வலி தணிகிறது, மாத்திரையின் அளவையும் மருத்துவர் குறைக்கிறார். பார்ப்போரெல்லாம் ‘மாஷா அல்லாஹ்’ என்கின்றனர். அதன்பின் ஒரு நிக்காஹ் விருந்து, ஒரு பெருநாள், வளைகுடாவிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்த இனிப்புப் பெட்டி, மழைக்கால மாலைகளில் தேநீருடன் சமோசா. அடுத்த ஆண்டு அதே எடைக் கருவியில் ஏறி நிற்கும்போது பழைய எண்ணே காட்டுகிறது. இத்தகைய ஒருவரேனும் உங்கள் குடும்பத்தில் இருப்பார். அது நீங்களாகவும் இருக்கலாம்.

குறைப்பது ஒன்று, காப்பது வேறொன்று

எடை கூடியது பாவமன்று. எனினும் அதை அலட்சியமாக விட்டுவிடவும் இயலாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் சர்க்கரை நோயாளிகள் என்று கணக்கிட்டது. மறுபுறம், அமெரிக்காவில் நடந்து 2002ஆம் ஆண்டு வெளியான பெரும் ஆய்வொன்றில், சர்க்கரை நோயின் விளிம்பில் நின்றவர்கள் உடல் எடையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைக்கவும் வாரத்திற்கு 150 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபடவும் பயிற்றுவிக்கப்பட்டனர். அதனால் நோய் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. எண்பது கிலோ எடையுள்ளவருக்கு ஏழு பங்கு என்பது ஆறு கிலோவுக்கும் குறைவுதான். அந்த ஆறு கிலோவைத் திரும்பவிடாமல் காப்பதற்குள் எவ்வளவு நன்மை அடங்கியிருக்கிறது!

ஆனால் காப்பது ஏன் கடினமாக இருக்கிறது? மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில் இதற்கு விடை உண்டு. உடல் பருமனுள்ள ஐம்பது பேரைப் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்தனர். அதை நிறைவு செய்தோருக்குச் சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தது. அதே வேளையில், பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்ற சுரப்பு கூடியது. போதும் என்று உணர்த்தும் ‘லெப்டின்’ என்ற சுரப்பு குறைந்தது. ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசி முன்னிலும் மிகுதியாகவே இருந்தது.

இதன் பொருள் என்ன? எடை குறைத்தவருக்கு அடுத்தவரைவிடப் பசி கூடுதல். பஞ்ச காலத்தில் மனிதன் மடிந்துவிடாமல் இருக்க அல்லாஹ் உடலுக்குள் அமைத்த அரண் அது. ஆகவே, மீண்டும் எடை கூடியவரைப் பார்த்து, “மனவுறுதி இல்லாதவர்” என்று ஏளனம் செய்வது அநீதி. அதே நேரத்தில், “குறைத்தாயிற்று, இனிக் கவலையில்லை” என்று அவர் எண்ணுவதும் அறியாமை. குறைத்த நாளன்று நூல் நூற்றல்தான் முடிகிறது. நூலைக் காக்கும் காலம் அன்றுதான் தொடங்குகிறது.

அணுகாதிருப்பதே பாதுகாப்பு

மனிதகுலத்தின் முதற்சோதனையே உணவைக் கொண்டுதான் வந்தது. ஆதம் (அலை) அவர்களுக்கும் அவர்களின் துணைவியாருக்கும் சுவனத்தின் கனிகளெல்லாம் தாராளமாக அனுமதிக்கப்பட்டன. விலக்கப்பட்டது ஒரே ஒரு மரம். ‘அல்பகரா’ அத்தியாயத்தின் 35ஆம் வசனத்தைக் கவனியுங்கள். அம்மரத்தின் கனியை உண்ண வேண்டாம் என்று மட்டும் அல்லாஹ் கூறவில்லை. அம்மரத்தை நெருங்கவே வேண்டாம் என்றான். கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டு ஆசையுடன் மல்லுக்கட்டுவதைவிட, எட்டாத தூரத்தில் நிற்பது எளிது. படைத்தவன் நம் பலவீனத்தை அறிந்தவன் அல்லவா?

நமக்கு முன்னால் இருக்கும் பிரியாணியும் பிர்னியும் ஹலாலானவையே. அவற்றை ஹராமாக்க எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் நெருங்காதிருத்தல் என்ற அந்தப் பாடம் இங்கும் பயன்படும். வீட்டு அலமாரியில் முறுக்கு டப்பாவும் குளிர்பதனப் பெட்டியில் இனிப்பும் இருக்குமாயின், இரவு பத்து மணிக்கு நஃப்ஸுடன் போராட வேண்டியிருக்கும். கடையில் பட்டியல் எழுதும்போதே அவற்றை விட்டுவிட்டால் அப்போராட்டமே எழாது. பசித்த வயிற்றுடன் கடைத்தெருவுக்குச் செல்லாதீர்கள். உண்டு முடித்ததும் பாத்திரங்களை மூடி எடுத்து வைத்துவிடுங்கள். பேசிக்கொண்டே கொறிக்கும் கவளங்களுக்குக் கணக்கே இருப்பதில்லை.

ஷைத்தான் அன்று அம்மரத்தை அதன் பெயரால் அழைக்கவில்லை. அழியாத வாழ்வு தரும் மரம் என்றே ஆசை காட்டினான் என்பதை ‘தாஹா’ அத்தியாயத்தில் (20:120) காண்கிறோம். இன்றும் நஃப்ஸின் பேச்சு அவ்வாறுதான். “இன்று ஒரு நாள்தானே!” “ஒரு வாய்தானே!” “நாளை முதல் நடந்து கரைத்துவிடலாம்.” இச்சொற்கள் உள்ளத்தில் எழும்போதே அவற்றை இனங்கண்டு கொள்ளுங்கள்.

நூலை இழுப்பவர்கள்

கண்ணியமிக்கவர்களே! உவமையில் வரும் பெண் தன் நூலைத் தானே பிரித்தாள். நம் வீடுகளிலோ, ஒருவர் நூற்ற நூலை ஒன்பது பேர் அன்போடு இழுக்கின்றனர். “இளைத்துப் போய்விட்டாயே!” என்று தாய் கலங்குகிறாள். “நான் சமைத்தது பிடிக்கவில்லையா?” என்று மனைவி வாடுகிறாள். “ஒரு கரண்டி வைத்தால் ஒன்றும் ஆகிவிடாது” என்று வலீமா வீட்டார், தட்டின் மேல் கையை வைத்து மறைத்தாலும் விடாமல் பரிமாறுகின்றனர். சஹனில் நால்வர் அமர்ந்தால், எஞ்சிய கறியெல்லாம் ஒருவர் பக்கமே தள்ளப்படுகிறது. எல்லாம் அன்புதான். ஆனால் அந்த அன்பின் விலையை மருத்துவமனையில் அவர் ஒருவரே செலுத்துகிறார்.

விருந்துக்கு அழைக்கப்பட்டவர் அழைப்பை ஏற்று வர வேண்டும். வந்தபின் விரும்பினால் உண்ணலாம், விரும்பினால் விட்டுவிடலாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ‘முஸ்லிம்’ நூலில் உள்ளது. வருகைதான் கடமையின் பாற்பட்டது. வயிற்றை நிரப்புவது அன்று. மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதை உண்ணவில்லை. அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரலி) உண்டதைத் தடுக்கவும் இல்லை. எந்த உணவையும் அவர்கள் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையெனில் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். இதுவே மறுக்கும் முறை. சமைத்தவரைப் புண்படுத்தாமல், அருகிலிருப்பவருக்கு உபதேசம் செய்யாமல், புன்னகையுடன் ஒதுங்கிக்கொள்வது. உபசரிப்பவருக்கும் இதில் பாடம் உண்டு: ஒருமுறை கேளுங்கள், வேண்டாம் என்றால் அவருக்காக துஆச் செய்யுங்கள்.

அன்புச் சகோதரிகளே! உங்களுக்குத் தனியே ஒரு சொல். பிள்ளைகள் மிச்சம் வைத்ததை, வீண்விரயம் ஆகிவிடுமே என்று நீங்களே உண்டுவிடுகிறீர்கள். பசியில்லாத வயிற்றில் கொட்டுவதால் விரயம் நீங்கிவிடுவதில்லை. அது இடம் மாறுகிறது, அவ்வளவே. உண்ணவும் பருகவும் அனுமதிக்கும் ‘அல்அஃராஃப்’ 31ஆம் வசனமே அதில் வரம்பு மீறுவதையும் தடுக்கிறது. தட்டை வழித்து உண்பது சுன்னத் என்றால், முதலில் தட்டில் குறைவாக இடுவதே அதற்கு வழி. மிஞ்சும் எனத் தெரிந்தால் உண்ணும் முன்பே அண்டை வீட்டாருக்கு அனுப்பிவிடுங்கள். குழம்பு வைத்தால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உபதேசித்ததை நினைவில் கொள்ளுங்கள்.

காத்தவர்கள் செய்தது என்ன?

அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு முதல் ஒரு பதிவேடு பேணப்பட்டது. குறைந்தது 13.6 கிலோ எடையைக் குறைத்து, ஓராண்டுக்கு மேல் அதைக் காத்துக்கொண்டவர்கள் அதில் பதிவு செய்தனர். பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் இடம்பெற்றனர். அவர்கள் எந்த அதிசய மருந்தையும் கூறவில்லை. பத்தில் ஒன்பது பேர் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்தனர். பெரும்பாலோர் தேர்ந்தது நடையைத்தான். நான்கில் மூவர் வாரத்திற்கு ஒரு முறையேனும் எடை பார்த்தனர். பெரும்பாலோர் காலை உணவைத் தவிர்க்கவில்லை.

இவற்றில் எது நமக்கு அந்நியமானது? பள்ளிவாசலை நோக்கி எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு என்று கற்ற நாம், இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கு இருசக்கர வாகனத்தில் வருகிறோம்! வாரம் ஒருமுறை எடை பார்ப்பது உடலுக்குரிய முஹாஸபா. வெள்ளிக்கிழமை குளிப்பதற்கு முன் அதைச் செய்யலாம். இரண்டு கிலோ கூடியதும் விழித்துக்கொள்பவருக்கு வேலை எளிது; பத்து கிலோ கூடும்வரை கருவியின் பக்கமே போகாதவருக்கு மலையேற்றம். முதுகை நிமிர்த்தும் சில கவளங்களே மனிதனுக்குப் போதும். அதற்குமேல் உண்டே தீர வேண்டுமெனில் மூன்றில் ஒரு பகுதி உணவுக்கு, ஒரு பகுதி நீருக்கு, ஒரு பகுதி மூச்சுக்கு என்ற கருத்தில் மிக்தாம் பின் மஃதீகரிப் (ரலி) அறிவிக்கும் நபிமொழி ‘திர்மிதீ’யில் பதிவாகியுள்ளது. இன்று நாம் பெரும் சாதனையாகக் கருதும் அந்த மூன்றில் ஒரு பங்கு, உண்மையில் உச்ச வரம்பு!

திங்கள், வியாழன் நோன்புகளும் துணை நிற்கும். மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்டே நோன்பு நோற்க வேண்டும். பகலெல்லாம் பசித்திருந்து, இஃப்தாரில் ஈடுகட்டிவிட்டால் உடலுக்கு அதில் மிச்சமில்லை. ரமளானில் பொதுவாக ஒரு கிலோ அளவே குறைகிறது. அதுவும் சில வாரங்களில் திரும்பிவிடுகிறது என்பதே ஆய்வுகள் காட்டும் உண்மை.

அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான செயல், குறைவாயினும் இடைவிடாது செய்யப்படுவதே என்ற கருத்தை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக அறிகிறோம். ஒரு மாதம் வெறும் கஞ்சி குடித்து, மறுமாதம் கட்டுப்பாட்டை உடைப்பதைவிட, என்றைக்கும் ஒரு கவளம் குறைத்து எழுவது மேலானது.

ஓர் இழை அறுந்தால்?

என்றேனும் தவறும். பெருநாளன்று அளவு மீறிவிடும். அப்போது நஃப்ஸ் தன் கடைசி ஆயுதத்தை எடுக்கும்: “எல்லாம் போயிற்று, இனிக் கட்டுப்பாடு எதற்கு?” ஓர் இழை அறுந்ததற்காக எவரேனும் முழு நூலையும் பிரித்துப் போடுவார்களா? அறுந்த இடத்தில் முடிச்சிட்டு, அடுத்த வேளை உணவிலேயே பழைய அளவுக்குத் திரும்பிவிடுங்கள். பாவம் செய்தவனையே நிராசை அடைய வேண்டாம் என்று அழைக்கும் மார்க்கம் நம்முடையது. ஒரு வேளை விருந்துக்காக ஒரு மூமின் நம்பிக்கை இழக்கலாமா?

உடலுக்கு நம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். இவ்வுடல் நம் சொத்தன்று, அமானத். ருகூவுக்குக் குனியும் முதுகும் ஸுஜூதில் மடங்கும் முழங்காலும், பேரப்பிள்ளைகளைத் தூக்கும் கைகளும் அவனிடம் கணக்குக் காட்ட வேண்டியவை. இன்று மதியம் ஸுஃப்ராவில் அமரும்போது, எதிரில் இருப்பவரின் நூலை இழுக்க மாட்டேன் என்று ஒவ்வொருவரும் உறுதி கொள்ளுங்கள். அவர் கையை மறைத்தால், கரண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள். அதுவும் ஸதகாவே!

யா அல்லாஹ்! நீ வழங்கிய உணவில் பரக்கத்தையும், உண்பதில் நிதானத்தையும், தொடங்கிய நற்செயலில் நிலைத்திருக்கும் உறுதியையும் எங்களுக்கும் எங்கள் குடும்பத்தார்க்கும் தந்தருள்வாயாக! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவாயாக! ஆமீன்.